பேசாமல் இருந்ததால் வந்த வம்பு

மணி, செல்வி, நீங்கள் இருவரும் இப்போது சம்பாதிக்கிற ஆட்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தையல் கடையைப் பூட்டிவிட்டு மாடியில் நான் என்ன செய்கிறேன் என்று அம்மாவுக்குத் தெரியும். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பாவான எனக்குச் சேலை கட்டிக்கொள்ளப் பிடிக்கும். அப்படிப் பிடித்த ஆண்கள் கம்பம் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். தயங்கித் தயங்கி ஜாக்கெட் தைக்க வந்தவர்களைச் சேர்த்து ஒரு குழுவாக்கினேன். "ட்ரையலுக்கு ரெடி" என்று போன் செய்தால் கூட்டம் என்று அர்த்தம்.

1. சட்டம்

நம் பக்கம் புது ஆளைப் பார்த்தால் "எந்த ஊரு, யாரு மகன்?" என்றுதான் கேட்போம். மாடியில் அதைக் கேட்கக் கூடாது. ஆளுக்கு ஒரு பூப்பெயர். போட்டோ கிடையாது. வெளியே பார்த்தால் காட்டிக்கொள்ளக் கூடாது. இதையெல்லாம் கட்டிங் டேபிளில் சாக்பீஸால் எழுதி வைப்பேன். கூட்டம் முடிந்ததும் துடைத்துவிடுவேன்.

2. சண்டை

செண்பகமும் தாமரையும் ஒரே ஊர். காமயகவுண்டன்பட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்; ஊரை மாற்றித்தான் எழுதுகிறேன். அடுத்தடுத்த திராட்சைத் தோட்டம். மாடியில் ஒருவரை ஒருவர் பார்த்துத் திகைத்துப்போனார்கள். அதன் பிறகு என் சட்டத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, ஊரில் பேச்சையே நிறுத்திவிட்டார்கள். தினமும் ஒரே பெஞ்சில் டீ குடித்தவர்கள்!

ஊர் சும்மா இருக்குமா? வரப்புத் தகராறு என்று முடிவு கட்டியது. செண்பகத்தின் மச்சான், வெள்ளிக்கிழமை கோயிலில் இருவரும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்து, என்ன பகை என்று சொல்ல வேண்டும் என்றுவிட்டார். இருவரும் என்னிடம் ஓடி வந்தார்கள்.

"டெய்லரண்ணே, சாமி முன்னால பொய் சொல்ல வராது. உண்மையச் சொன்னா எம் மக கல்யாணம் நின்னுபோகும்," என்றார் செண்பகம்.

"நீங்கதான பேசக்கூடாதுன்னு சொன்னீக?" என்றார் தாமரை.

"யோவ், காட்டிக்காதீகன்னுதானய்யா சொன்னேன்! சரி, உங்களுக்குள்ள நெசமாவே ஒரு வருத்தமும் இல்லியா?"

தாமரை செண்பகத்தை முறைத்தார். "இருக்கு. இவரு மருந்தடிச்சா பாதி எம் பந்தல்லதான் விழுகுது."

"உம்ம மோட்டார் தண்ணி எங்கன பாயுதாம்?"

"போதும். மிச்சத்த டீக்கடையில வச்சுக்கங்க. சத்தமா."

மறுநாள் அப்படியே நடந்தது. மச்சான்தான் நடுவில் புகுந்து விலக்கினாராம். "இம்புட்டுத்தானா? இதுக்கா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத் திரிஞ்சீக?" என்று இருவருக்கும் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். சூடம் கொளுத்தவே இல்லை.

ரகசியம் காப்பது என்றால் வாயை மூடிக்கொள்வது என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. நேற்று எப்படிப் பேசினோமோ அப்படியே இன்றும் பேச வேண்டும். இதைப் படித்த பிறகு நீங்களும் என்னிடம் அப்படியே பேசுங்கள்.

அடுத்த கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு, டேபிளில் 'காட்டிக்கொள்ளக் கூடாது' என்ற கடைசி வரியை மட்டும் முதலில் துடைத்தேன். அந்த இடத்தில் 'நேத்துப் பேசுன மாதிரியே பேசுங்க' என்று எழுதினேன். அடுத்த கூட்டத்திலிருந்து இதுதான் சட்டம் என்று ஒருமுறை வாசித்துவிட்டு, ஈரத்துணியால் எல்லாவற்றையும் துடைத்தேன்.