அத்தோக் கடையில் கை நனைத்தது

எங்கள் அம்மா சட்டம் படித்திருக்க வேண்டிய ஆள். சம்பந்தப் பேச்சு முற்றாகாமல் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். தேத்தண்ணி குடிக்கலாம். சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அந்த வழக்கத்துக்குள்ளேயே அம்மா ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார். "அது வீடில்லை, கடை. கடையிலை சாப்பிட்டால் கணக்கில்லை" என்றார்.

கடை ஊர்காவற்றுறையில். நாங்கள் புங்குடுதீவு, மடத்துவெளி. ஊர்காவற்றுறைக்கு வேலைக்குப் போகிற என் தம்பி, மத்தியானச் சாப்பாட்டுக்குப் போன கடையில் அந்த வீட்டு மகளைக் கண்டு, கட்டினால் அவளைத்தான் என்று ஒற்றைக் காலில் நின்றான். அவனுக்கு வயது முப்பத்தாறு. பெண்ணின் தகப்பனுக்கும் ஊர்காவற்றுறைதான். சண்டைக் காலத்தில் சென்னைக்குப் போய், ரங்கூனில் இருந்து திரும்பி வந்த ஒரு தமிழ்க் குடும்பத்தில் கலியாணம் கட்டி, எல்லாம் ஓய்ந்த பிறகு மனைவி மகளோடு வந்து, வீட்டு முன்விறாந்தையில் பர்மாச் சாப்பாட்டுக் கடை போட்டவர்.

அம்மாவுக்கு அதுதான் குறை. "பர்மாக்காரியின்ரை அடிவேர் ஆருக்குத் தெரியும்?" என்று மூன்று மாதம் ஒரே பல்லவி. தம்பி வீட்டில் பேச்சைக் குறைத்தான், பிறகு சாப்பாட்டையும் குறைத்தான். கடைசியில் அம்மா இறங்கி வந்தார். இறங்கி வந்த மாதிரி நடித்தார் என்பதுதான் சரி. கடைக்குப் போவது, சாப்பிடுவது, பெண்ணைப் பார்ப்பது, வீட்டுக்கு வந்து 'சரிவராது' என்று முடித்துவிடுவது. இந்தத் திட்டத்தைக் குசினி அடுப்படியில் வைத்து என்னிடம் மட்டும் சொன்னார். இந்த வீட்டில் கலியாணக் கதை எடுத்தால் நான் வாய் திறப்பதில்லை.

பௌர்ணமிக்கு விடும் போயா விடுமுறை வெள்ளிக்கிழமையில் வந்தது. தம்பி ஓட்டோ ஒன்றை இரவல் வாங்கித் தானே ஓட்டினான். கடலுக்கு நடுவே போகும் தாம்போதியில் காற்று அடித்த அடியில் அம்மா சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டார்.

கடையில் நாலு மேசை. பக்கத்து மேசையில் வெளிநாட்டில் இருந்து வந்த குடும்பம் ஒன்று சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பெண்ணின் தாய் மஞ்சள் நிற நூடில்ஸை ஒரு பெரிய சட்டியில் போட்டு, அரிந்த கோவா இலை, பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், உள்ளி எண்ணெய் எல்லாம் விட்டுக் கையாலேயே பிசைந்தார். அதுதான் அத்தோ. வாழைத்தண்டு போட்ட மீன் சூப் அடுப்பில் கொதித்தது. எனக்கு வாயூறியது, மறைப்பானேன்.

மகள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அம்மா அவளை உச்சந்தலையில் இருந்து கால் வரை பார்த்தார். குறை ஒன்றும் அகப்படாத எரிச்சல் முகத்தில் தெரிந்தது. எங்களுக்குப் பிறகு வந்தவர்களுக்கும் சாப்பாடு போனது. எங்களுக்கு வரவில்லை.

கடைசியில் தகப்பன் வந்தார்.

"அக்கா குறை நினைக்கக் கூடாது. உங்களுக்குச் சாப்பாடு போடேலாது."

"ஏன், முடிஞ்சுதோ?"

"முடியேல்லை. நீங்கள் என்னத்துக்கு வந்தனீங்கள் எண்டு எனக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். சாப்பிட்டிட்டுப் போய் வேண்டாம் எண்டால் என்ரை பிள்ளை வெளியிலை தலை காட்டேலாது. கடை எண்டாலும் இது எங்கடை வீடு. விருப்பமெண்டால் சொல்லுங்கோ, இப்பவே போடுறன். இல்லையெண்டால் தேத்தண்ணியோடை போங்கோ. ஒரு கோபமும் இல்லை."

தம்பி ஓட்டோத் திறப்பைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பத்து வருடத்துக்கு முன் என்னைப் பார்க்க ஒரு மாப்பிள்ளை வீட்டில் இருந்து ஒன்பது பேர் வந்தார்கள். எல்லாம் சரி என்று சொல்லி, எங்கள் வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் தொலைபேசியில் 'சரிவராது' என்றார்கள். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு சம்பந்தமும் "சாப்பிட்டுப் போனவை ஏன் விட்டவை?" என்று விசாரித்து வாசல் படலையோடு திரும்பியது. இப்போது எனக்கு நாற்பத்திரண்டு. அம்மா அதை மறக்கவில்லை. ஆனால் மகனோடு வந்து உட்கார்ந்ததும், தானும் ஒரு நாள் பெண் வீட்டுக்காரியாக நின்றதை எப்படியோ தள்ளி வைத்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அம்மா, எழும்பிறதெண்டால் இப்பவே எழும்புவம்" என்றேன். "சாப்பிட்டிட்டு வேண்டாம் எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. ஆர் சொன்னாலும் நீங்கள் சொல்லக்கூடாது."

அம்மா என்னைப் பார்த்தார். ஆடை கட்டிய தேத்தண்ணியை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு தகப்பன் பக்கம் திரும்பினார்.

"இண்டைக்கு வெள்ளி. மீன் மச்சம் ஒண்டும் போடாமல் செய்யேலுமோ?"

"ஏலும் அக்கா."

"கருவாட்டுத் தூள் கிருவாட்டுத் தூள் ஒண்டும்?"

"ஒண்டும் போடமாட்டம்."

"அப்ப போடும்."

தம்பி எழும்பி ஓட்டோவைப் பார்க்கிற சாட்டில் வெளியே போனான். உள்ளே சட்டி கழுவும் சத்தம் கேட்டது. பெண்ணின் தாயே முதல் தட்டைக் கொண்டுவந்து அம்மாவுக்கு முன்னால் வைத்தார். அம்மா அதைத் தொடவில்லை. என் பக்கம் தள்ளிவிட்டார்.

"நீ முதல் சாப்பிடு. நீ சாப்பிடாமல் எனக்கு இறங்காது."

நான் சாப்பிட்டேன். புளி கொஞ்சம் தூக்கல். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.