சவரிமுத்துவின் உபயக் கல்

சிதம்பரம் மேலவீதியில் மருந்து வாங்கிக்கொண்டிருந்தபோது சவரிமுத்துவின் மகள் பிலோமினாவின் போன் வந்தது. "மாமா, அப்பா போயிட்டாரு. காலையில டீ குடிச்சிட்டுப் படுத்தவரு எழுந்திரிக்கவே இல்ல." கடைக்காரர் மாத்திரையை நீட்டியபடி நின்றார். வாங்காமலே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

சவரிமுத்துவை அறிந்தவர்களுக்கு என்னையும் தெரிந்திருக்கும். குவைத்தில் ஒரே அறையில் கிடந்தவர்கள் நாங்கள். அவன் கிரேன் ஓட்டினான், நான் கட்டட வரைபடம் போட்டேன். அவன் ஜெபமாலை சொல்லும்போது நான் டிவி சத்தத்தைக் குறைப்பேன். நான் தொழும்போது அவன் குறட்டையைக் குறைத்ததே இல்லை.

கைக்குழந்தை பிலோமினாவுக்கு மூளைக்காய்ச்சல் என்ற செய்தி அந்த அறைக்குத்தான் வந்தது. லீவு கிடைக்கவில்லை. பாஸ்போர்ட்டோ கம்பெனிக்காரர்களிடம் இருந்தது. கட்டிலில் உட்கார்ந்தபடியே, கீரப்பாளையத்துக்குப் பக்கத்திலிருக்கும் தன் ஊர்க் கோயிலின் தேவதூதர் மிக்கேல் சம்மனசுக்கு நேர்ந்துகொண்டான். குழந்தை பிழைத்தால் கோயில் முழுக்க, உள்ளும் புறமும், சிமெண்டு பூசித் தருவதாக நேர்ச்சை. குழந்தை பிழைத்தது. அவனும் சொன்னபடி செய்தான். ஊர் கூடி வாசல் சுவரில் ஒரு கல் பதித்தது: "உபயம்: சவரிமுத்து, குவைத்." அந்தப் போட்டோவைக் கட்டிலுக்கு மேலே ஒட்டிவைத்து, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் காட்டி எங்கள் உயிரை வாங்கினான்.

பாண்டிச்சேரியிலிருந்து வந்த வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் கட்டிய கோயில் அது. கனத்த செங்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்து, அரைவட்ட வளைவுகள், தேக்கு உத்திரங்களின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை. சுற்றிலும் நெல்வயல் என்பதால் சுவரில் ஈரம் ஏறும். சுண்ணாம்பு அதை வெயிலில் வெளியே விட்டுவிடும். தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் நின்றது. சிமெண்டு பூசியதும் ஏறிய ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டது. வெளியே பளபளப்பு, உள்ளே சுவரில் செருகிய உத்திர முனைகள் ஊறி இற்றுக்கொண்டிருந்தன. இதெல்லாம் எங்கள் இருவருக்கும் அப்போது தெரியாது. சிமெண்டைத் தவிர வேறெதையும் பார்க்காத ஊரில் இருந்தோம்.

அவன் ஊருக்கே திரும்பிவந்த பிறகு, ஒரு ஐப்பசி மழையில், பூசை முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போனதும் கூரை விழுந்தது. பார்க்க வந்த என்ஜினியர் சுவரைத் தட்டிப் பார்த்துக் காரணத்தைச் சொன்னார். ஊர் காதில் வாங்கவில்லை. "நம்ம சவரி பூசுனதாலதான் இத்தினி நாளு தாங்குச்சு" என்றது. பக்கத்தில் தகரக் கூரை போட்டுப் பூசையை அங்கே மாற்றிக்கொண்டது.

தன்னோடு வந்து இருக்கச் சொல்லிச் சென்னையிலிருந்து மகள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். இவன் போகவில்லை. "திட்டுனாங்கன்னா போயிருப்பன்டா மச்சான். நன்றி சொல்றாங்கடா. எப்படிப் போறது?" என்பான்.

"கல்லையாவது பேத்துத் தொலையேன்" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். பெயரைப் பார்க்காமலிருக்க வேறு வழியாகச் சுற்றிப் போகிறவனிடம் வேறென்ன சொல்வது? "நேர்ந்து குடுத்தத எடுத்தா பொண்ணுக்கு ஆகாதுன்றாங்க. எனக்கே பயமா இருக்குடா" என்றான்.

கல்லைத் தொட முடியாதவன் பூச்சைத் தொட்டான். சாயங்காலமானால் உளியும் சுத்தியலுமாகப் போய், தான் பூசிய சிமெண்டைத் தானே கொத்துவான். இடிந்த கோயிலுக்கு இனி எதற்கு என்று கேட்டால், "உள்ள போன தண்ணிக்கு வழி விடணும்ல" என்பான். ஊர்க்காரர்கள், பாவம், பழுதுபார்க்கிறான் என்று நினைத்து மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதையும் குடித்துத்தான் ஆகவேண்டியிருந்தது.

அடக்கத்தன்று, அந்த ஊர் வழக்கப்படி, அவனைக் கல்லறைக்குக் கொண்டுபோகும் தூம்பாப் பெட்டியைப் பழைய கோயில் வாசலில் சற்று இறக்கி வைத்தார்கள். அப்போதுதான் சுவரை நன்றாகப் பார்த்தேன். சிமெண்டு போய்ச் செங்கல் சிவப்பாகத் தெரிந்தது, காய்ந்திருந்தது. உபயக் கல்லைச் சுற்றி மட்டும் ஒரு முறத்தளவு பூச்சு அப்படியே இருந்தது. அதற்கு நேர் கீழேதான் அவன் கிடந்தான்.

அடக்கம் முடிந்ததும் பிலோமினா அந்த உளியை என் கையில் வைத்தாள். "மாமா, நீங்க எங்க கோயில் ஆளு இல்ல. உங்கள நேர்ச்சை கட்டாது. அந்தக் கல்ல நீங்க பேத்துடுங்க. எனக்கு ஒண்ணும் ஆகாது." இடுப்பில் அவள் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

எனக்கு இந்த நேர்ச்சை பயமெல்லாம் கிடையாது. நண்பனுக்கு நான் செய்யக்கூடியதென்று மிஞ்சியிருப்பதும் அது ஒன்றுதான். கீரப்பாளையம் பஸ் ஏறும்போதெல்லாம் உளியைப் பையில் எடுத்து வைக்கிறேன். கல்லுக்கு முன்னால் போய் நிற்கிறேன். பிலோமினாவின் முகம் வந்துவிடுகிறது. வீடு திரும்பும்போதும் உளி பையிலேயே இருக்கிறது.