இன்ஜின் சத்தத்துக்கு மேலே

ரோஸ்லின் போய்விட்டாள் என்று அவள் அண்ணன் போனில் சொன்னபோது, நான் மல்லேஸ்வரத்தில் காய்கறிப் பையோடு ஆட்டோவுக்கு நின்றிருந்தேன். தூக்கத்திலேயே உயிர் போய்விட்டதாம். அவ்வளவு சத்தமாக வாழ்ந்தவள் சத்தமே இல்லாமல் போனாள் என்பதை நம்ப முடியவில்லை. ‘அவர்’ என்று எழுதினால் சிரிப்பாள். அதனால், அலுவலக நண்பர்களே, ‘அவள்’ என்றே எழுதுகிறேன்.

விவேக் நகரில், பஸ் போகிற தெருவில் வளர்ந்த தொண்டை அது. கடலில் நங்கூரமிட்ட மிதவைகள் அனுப்பும் அலை, காற்று, வெப்ப அளவுகளைச் சரிபார்த்து உலகத்துக்கு வெளியிடுவது எங்கள் இருவரின் வேலை. பெங்களூரில் உட்கார்ந்து கடல் வேலை! அவள் போனை எடுத்தால் பக்கத்து அறைக்காரர் கன்னடத்தில், “ஸ்வல்ப மெல்லகே, மேடம்” என்று கெஞ்சுவார். நானும் மெதுவாகப் பேசச் சொல்லி அவள் உயிரை வாங்குவேன். ஒரே ஒரு முறை மிதவையைப் பார்க்கப் படகில் போனவள், கரை திரும்பும்வரை வாந்தி எடுத்தாள். “கடலை எனக்குத் தெரியும்டி, அதுக்குத்தான் என்னைத் தெரியல” என்றாள்.

நாகப்பட்டினம் பக்கத்து மிதவை ஒன்று அடிக்கடி ஊமையாகிவிடும். அதன் அடியில் மீன் கூடும், மீனவர்கள் படகைக் கொண்டுபோய் அதில் கட்டுவார்கள், ஏதாவது உடையும். பழுது பார்க்கக் கப்பல் போவதற்குள் வாரக்கணக்கில் அளவு வராது. வருடக்கணக்காகச் சேர்த்த பதிவில் அங்கங்கே ஓட்டை. ரோஸ்லினுக்கு வயிறு எரியும். “நேத்தைய கடலை இன்னிக்குப் போய் அளக்க முடியுமா?” என்று புலம்புவாள்.

போலீசில் புகார் கொடுக்கலாம் என்றார் மேலதிகாரி. நானும் தலையாட்டினேன். அவள் மட்டும் அந்த ஊர் மீனவர் சங்கத்தின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினாள். எடுத்தவர் செல்வம், சொந்தப் படகு வைத்திருப்பவர். மனுஷன் எதையும் மறைக்கவில்லை. “கட்டுறது நாங்கதான் மேடம். அந்த மிதவையால எங்களுக்கு என்ன பிரயோஜனம், சொல்லுங்க” என்றார். ரோஸ்லின் போனை வைத்துவிட்டு அதே கேள்வியை என்னிடம் கேட்டாள்.

அளவுகள் இணையத்தில் திறந்துதானே கிடக்கின்றன என்று நான் சமாதானம் சொன்னேன். முறைத்தாள். “யார் வேணா எடுத்துக்கலாம்னு இங்கிலீஷ்ல போட்டு வச்சிட்டா ஆச்சா? அவங்க கைக்குப் போய்ச் சேரணும்டி.”

மேலதிகாரியிடம் மல்லுக்கட்டி அனுமதி வாங்கினாள். தினமும் விடியற்காலை, படகுகள் கிளம்பும் நேரத்தில், மிதவை காட்டும் அலை உயரத்தையும் காற்றையும் தமிழில் பேசிப் பதிவுசெய்து, சங்கத்தின் வாட்ஸப் குழுவில் போட ஆரம்பித்தாள். கிறிஸ்துமஸ் அன்றும் போட்டுவிட்டுத்தான் கோயிலுக்குப் போவாள். மிதவை ஊமையானால், “இன்னிக்கு மிதவை பேசல, யாரு கயிறு கட்டினது?” என்று அதையும் போடுவாள். ‘ரேடியோ ரோஸி’ என்று நாங்கள் கிண்டல் செய்தோம்.

ஒரு மழைக்காலத்தில் செல்வமே கூப்பிட்டார். “அக்கா, வெளியூர் படகு ஒண்ணு நம்ம மிதவையில கட்டியிருந்துச்சு. அவுத்து அனுப்பிட்டோம்.” நம்ம மிதவையாம்! அன்றைக்கு அலுவலகம் முழுக்க மைசூர்பாகு கொடுத்தாள். அதற்குப் பிறகு அந்தப் பதிவில் பெரிய ஓட்டை விழவில்லை.

அவளை அடக்கம் செய்த அன்று வாட்ஸப் குழுவுக்கு அவள் குரல் போகவில்லை. அவள் எப்போதோ என் எண்ணையும் கொடுத்து வைத்திருந்ததால் செல்வம் என்னைக் கூப்பிட்டார். விஷயத்தைச் சொன்னேன். அவர், “நாளைக்கு யாருங்க சொல்லுவாங்க?” என்று மட்டும் கேட்டார். யாரும் சொல்லாவிட்டால் மிதவையில் கயிறு மறுபடி விழும் என்று எனக்குத் தெரியும். மறுநாள் அழுகையை விழுங்கிக்கொண்டு நானே பேசி அனுப்பினேன். உடனே பதில் வந்தது: “ஒண்ணும் கேக்கல மேடம். இன்ஜின் ஓடுதுல்ல. அக்கா மாதிரி கத்திச் சொல்லுங்க.”

ரோஸ்லினிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தச் சத்தத்தைத்தான். தினமும் விடியற்காலை மொட்டைமாடியில் நின்று அலையையும் காற்றையும் கத்திச் சொல்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து, “ஸ்வல்ப மெல்லகே, மேடம்” என்கிறார்.