மெட்டில்லாத கவிதையும் மினுங்கல் தாளும்

நூல் வெளியீட்டில் நயவுரை சொல்பவர் அந்த நூலை வாசித்திருப்பார் என்றொரு நம்பிக்கை மட்டக்களப்பில் வேரூன்றியிருக்கிறது. நன்கு ஆராய்ந்த பின்பே அறிவிக்கிறேன்: அது பிழை. ஓய்வுபெற்ற தமிழாசிரியனான நான் பல வருடமாக வெளியீட்டு விழாக்களில் நயவுரை சொல்லிவருகிறேன். அதே மண்டபங்களில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து அவிந்த உங்களுக்கு என் கோபம் விளங்கும்.

அட்டை

இந்த முறை விழாவுக்கு முதல்நாள்தான் அமைப்பாளர் புத்தகத்தைக் கொண்டுவந்தார். தானே எழுதி, மெட்டமைத்துப் பாடும் தன்னாமுனைப் பாடகி ஒருத்தியின் முதல் கவிதைத் தொகுப்பு. அவளின் பாட்டுப் போடாத ஆட்டோ இங்கே குறைவு. ஒரே நாளில் எப்படி வாசிப்பது என்று சீறினேன்.

“முழுக்க என்னத்துக்கு சேர்? அட்டையப் பார்த்தாக் காணும்.”

மெட்டு

முழுக்க வாசித்தேன். பாட்டில் துள்ளுகிற அவளின் சொற்கள் இதில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தன. பின்னேரம் அவளே வந்து அதில் எட்டு வரிக் கவிதையொன்றைக் காட்டி, நயவுரையில் வாசிக்கச் சொன்னாள். குவைத்தில் வீட்டு வேலை செய்து, போன மாதம் திரும்பிய தாயைப் பற்றியது. தாயும் விழாவுக்கு வருகிறாராம். நீயே வாசியேன் என்றேன். மைக்கைப் பிடித்தால் பாடத்தான் சொல்வார்கள் என்றாள். இதற்கு ஏன் மெட்டில்லை என்று கேட்டேன்.

“அம்மா வேல செஞ்ச வீட்டுல பாட்டுச் சத்தம் கேக்கப்படாது சேர். அவக்கு முன்னால இத அப்படியே வாசியுங்க.”

சிறப்புப் பிரதி

மறுநாள் விழாவில், மினுங்கல் தாள் சுற்றிய முதற்பிரதியைப் பிரதம விருந்தினர் வாங்கினார். பிறகு சிறப்புப் பிரதிகள்: பெயர் கூப்பிட, ஆள் வர, படம் எடுக்க. பிரதிகள் தீர்ந்ததும், நான் பென்சிலால் குறிப்பெழுதி வைத்திருந்த புத்தகத்தையும் தாள் சுற்றி யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். நேரமும் முடிந்ததாம், நயவுரைக்குப் பதிலாகப் பாட்டு என்று அறிவித்தார் அமைப்பாளர். நான் முறைத்தேன்.

“எல்லாரும் பாட்டுக் கேக்கத்தானே சேர் வந்திருக்காங்க.”

முதற்பிரதி

பாடகி மைக்குக்கு முன்னால் குனிந்த தலையோடு நின்றாள். நான் எழும்பிப் போய், பிரதம விருந்தினரின் மடியிலிருந்த முதற்பிரதியை எடுத்து, ரிபனை அறுத்து, தாளைக் கிழித்தேன். அவர் மெல்லச் சொன்னார்:

“சேர், பேப்பர்ல போட இன்னும் படம் எடுக்கல்ல.”

எட்டு வரியையும் வாசித்தேன். பின்வரிசையில் அவளின் தாய் எழும்பினார்.

“இன்னொருக்கா வாசியுங்க சேர்.”

வாசித்தேன்.

அடுத்த விழா அழைப்பிதழில் என் பெயர் நயவுரைக்கு அல்ல, நன்றியுரைக்கு நேரே இருந்தது.