கொடிக்கயிறு காட்டும் வெயில்

சோலார் தகடு வைக்க மொட்டைமாடி தோதுப்படுமா என்று பார்த்துச் சொல்வதுதான் அவர் தொழில். மாடியேறியதும் மற்றவர்களைப்போல் டேப்பை நீட்டமாட்டார். வீட்டம்மாவைத் தேடுவார்.

"துணி எங்கம்மா காயப்போடுறீங்க?"

கொடி கட்டிய இடத்தில்தான் நாள் முழுக்க வெயில் நிற்கும். அதன்பிறகே தண்ணீர்த் தொட்டியின் நிழலை அளப்பார், தளத்தில் விரிசல் தேடுவார்.

இன்று ஒரு வீட்டுக்காரர் குறுக்கே வந்து தானே இடம் காட்டினார்.

"வெயிலைப் பத்தி உங்களுக்கு என்ன சார் தெரியும்? அம்மாவைக் கூப்பிடுங்க!" என்று இவர் எரிந்து விழுந்தார்.

வீட்டுக்காரர் விடவில்லை. "உங்க வீட்டுல எத்தனை தகடு?"

இவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஒண்ணுகூட இல்ல. நல்ல வெயில் விழுற ஒரே இடத்துல என் வீட்டுக்காரி கொடி கட்டியிருக்கா. கயித்தைக் கழட்டச் சொல்ற தைரியம் உங்களுக்கு இருந்தா வாங்க. நான் தெருமுனையிலேயே நின்னுக்கிறேன்."