இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு கிணறு

கண்டியக்கா சொளகைத் தட்டமாட்டாள். நாங்களெல்லாம் தட்டித் தட்டிப் புடைக்கும்போது அவள் மட்டும் சொளகை ஒருபக்கமாகச் சாய்த்து மெல்ல உலுக்குவாள். வெளிறிய ஏலக்காய் ஓர் ஓரத்தில் சேரும், பச்சைக்காய் மறு ஓரத்தில் நிற்கும். போடியில் அந்த ஏலக்காய்க் கடையின் நீளமான கொட்டகைக்குள் சாக்குவிரித்து உட்கார்ந்திருந்த பெண்களுக்குள், சத்தமில்லாமல் வேலை செய்தவள் அவள் ஒருத்திதான். எண்பதுகள் பிறந்த சமயம். எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. காலையில் டவுன் பஸ்சில் போய் இறங்கினால் பொழுதுசாய வீடு திரும்புவேன். சேலையிலும் தலைமுடியிலும் ஏலக்காய் வாசம் ஒட்டிக்கொண்டே வரும்.

அவளை எல்லோரும் கண்டியக்கா என்றே கூப்பிட்டோம். இலங்கையில் கண்டிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, கப்பலேறி வந்த குடும்பம். அப்படி வந்த சில குடும்பங்களுக்கு எங்கள் ஊருக்கும் கீழ்ப்பக்கத்து ஊருக்கும் நடுவிலிருந்த புறம்போக்கில் அரசாங்கம் இடம் ஒதுக்கியிருந்தது. கூரை வீடுகள், ஒரு வேப்பமரம், ஒரு கிணறு. காலனி என்று சொல்வோம். அவள் வீட்டில் அவளும் அவள் வீட்டுக்காரரும் மட்டும்தான். பிள்ளைகள் இல்லை. அவரை நாங்கள் மாமா என்போம். நெட்டையான, கொஞ்சம் கூன் விழுந்த மனிதர். மலைக்கு ஜீப்பில் போய் ஏலத்தோட்டத்தில் களையெடுத்துவிட்டு வாரக் கடைசியில் இறங்குவார்.

இரண்டு ஊர்களின் பெயரையும் நான் சொல்லப்போவதில்லை. அவை இன்னும் இருக்கின்றன. மலையிலிருந்து இறங்கும் ஓடையை மறித்து வெட்டிய வாய்க்கால் ஒன்று எங்கள் ஊர் வயல்களுக்குப் பாய்ந்து, பிறகு காலனியைத் தாண்டிக் கீழ்ப்பக்கத்து ஊருக்குப் போகும். மேற்கே இருக்கும் எங்களுக்குத்தான் தண்ணீர் முதலில் வரும். ஆனால் போடிக்குப் போகிற ரோடு அவர்கள் ஊர் வழியாகத்தான் போகும். இரண்டு ஊரும் ஒரே சாதி, ஒரே குலசாமி. பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். என் அண்ணன் மனைவி, என் மதினி, அந்த ஊர்க்காரிதான். அண்ணன் மலைவேலைக்குப் போன ஜீப்பில் மதினியின் தம்பியும் போவான். இருவரும் ஒரே தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோனவர்கள். இதையெல்லாம் சொல்லக் காரணம், பிறகு நடந்ததற்குச் சாதியையோ சாமியையோ காரணம் காட்ட வழியில்லை என்பதற்காகத்தான்.

ஒரு வருசம் ஆனி, ஆடியில் மலையில் பெய்ய வேண்டிய சாரல் பெய்யவில்லை. கடைக்கு வந்த மூட்டைகளில் காய் சிறுத்திருந்தது. அடுத்த வருசமும் பெய்யவில்லை. ஏலச்செடிகள் நின்றவாக்கில் மஞ்சளாகிச் சாய்ந்தன. மேலே சில தோட்டங்களில் தீப் பிடித்தது. பகலெல்லாம் மலையுச்சியில் புகை நிற்பதைக் கடை வாசலிலிருந்தே பார்த்தோம். தோட்டங்களில் ஆள் குறைத்தார்கள். ஜீப்புகள் ஆளில்லாமல் நின்றன. வேலையற்ற ஆண்கள் இரண்டு ஊரிலும் டீக்கடையில் காலையிலேயே உட்காரத் தொடங்கினார்கள். கீழே வயல் காய்ந்தால் மலை இருக்கிறது, மலையில் வேலை இல்லையென்றால் வயல் இருக்கிறது என்றுதான் அதுவரை வாழ்ந்திருந்தோம். இரண்டும் ஒன்றாகக் கைவிட்டால் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை.

ஓடையில் விரற்கடை அளவு தண்ணீர் ஊர்ந்தது. எங்கள் ஊர் ஆட்கள் வாய்க்காலின் குறுக்கே மண்மூட்டைகளை அடுக்கினார்கள். கீழ்ப்பக்கத்து ஊரிலிருந்து பெரியவர்கள் வந்து பேசினார்கள். முதல்தடவை மோர் கொடுத்துப் பேசினோம். அடுத்ததடவை நிற்கவைத்தே பேசினோம். அதற்குப் பிறகு பெரியவர்கள் வரவில்லை. இளவட்டங்கள் வந்தார்கள்.

கடைக்குள் அது எப்படி நுழைந்தது என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதுவரை கலந்து உட்கார்ந்திருந்த நாங்கள், யாரும் சொல்லாமலே, எங்கள் ஊர்க்காரிகள் சுவரோரமும் அவர்கள் வாசல் பக்கமுமாகச் சாக்கை நகர்த்தியிருந்தோம். நடுவில் வெறுந்தரை. ஒருநாள் கண்டியக்கா உள்ளே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தத் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“ஏன் புள்ள, நடுவுல இவ்வளவு எடம் விட்டு வச்சிருக்கீங்க?”

அவள் தன் சாக்கைக் கொண்டுவந்து அந்த நடுவிடத்தில் விரித்து உட்கார்ந்தாள். அன்றைக்கு மத்தியானம் சாப்பிடும்போது என்னிடம் மட்டும் சொன்னாள்.

“எங்க தோட்டத்துலயும் இப்படித்தான் புள்ள. ரெண்டு வருசம் மழ இல்ல. கூப்பன்ல அரிசியக் கொறச்சாங்க. பாணுக்கு, அதான் ரொட்டிக்கு, வரிசையில நிக்கணும். பக்கத்துக் கிராமத்துல ஒரு சிங்கள அம்மா எங்க லயத்து வீடுகளுக்குப் பலாக்கா கொண்டாந்து வித்துட்டு, தேயிலத்தூள் வாங்கிட்டுப் போகும். எங்க வீட்டு அடுப்படி வரைக்கும் அதுக்குத் தெரியும். மொதல்ல அது வர்றது நின்னுச்சு. அப்புறம் அது மகன் வந்தான், கையில தீப்பந்தத்தோட.”

அவள் குரலில் கோபம் இல்லை. நடந்ததைச் சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தாள்.

காலனிக் கிணறு ஓடைக்கரையை ஒட்டியிருந்ததால் அதில் மட்டும் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. இரண்டு ஊர்ப் பெண்களும் குடங்களோடு அங்கே போனோம். வேலையிழந்து மலையிலிருந்து இறங்கியிருந்த மாமா ஓர் ஏற்பாடு செய்தார். காலையில் எங்கள் ஊர், சாயங்காலம் அவர்கள் ஊர். வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். “அவசரப்படாதீங்க ஆத்தா, ஊற ஊறத்தான் எறைக்கணும்” என்று எல்லாரிடமும் ஒரே மாதிரி சொல்வார். கொஞ்ச நாள் அது நடந்தது. பிறகு எங்கள் ஊரில், காலையில் கிணறு அடிமட்டத்தில் கிடக்கிறது, கண்டிக்காரன் அவர்களுக்குக் கூடுதலாக விடுகிறான் என்றார்கள். அவர்கள் ஊரில், ராத்திரியெல்லாம் ஊறியதை மேற்கே இருக்கிறவர்களுக்கே அள்ள விடுகிறான், நமக்குக் கலங்கல்தான் என்றார்கள். இரண்டு பேச்சும் என் காதிலேயே விழுந்தது. ஒன்றை அண்ணன் சொன்னான், மற்றதை மதினி தன் வீட்டுக்குப் போய்விட்டு வந்து சொன்னாள். ஒரே அடுப்படியில் நின்று சொன்னார்கள்.

அந்தச் சமயத்தில்தான் இலங்கையில் தமிழர்களை வெட்டுகிறார்கள், எரிக்கிறார்கள் என்று ரேடியோவில் செய்தி வந்தது. போடியில் கடையடைப்பு. பெரிய ஊர்வலம் நடந்தது. எங்கள் ஊர் ஆண்களும் கீழ்ப்பக்கத்து ஊர் ஆண்களும் கறுப்புத்துணி குத்திக்கொண்டு ஒரே வரிசையில் போனார்கள். அண்ணனும் மதினியின் தம்பியும் ஒரு பதாகையை ஆளுக்கொரு முனையில் பிடித்திருந்தார்கள். கண்டியக்கா கடையின் பாதி அடைத்த தகரக்கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

“ஒங்க ஆளுகளுக்காகத்தான் போறாங்க அக்கா” என்றேன்.

“தெரியுது புள்ள” என்றாள். அவள் முகம் தெளியவில்லை.

ஊர்வலம் முடிந்து வந்தவர்கள் மறுபடி மண்மூட்டை அடுக்கப் போனார்கள். அந்த மாதம் முடியுமுன் வாய்க்கால் தலைப்பில் கைகலப்பு. கீழ்ப்பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், மூட்டையைப் பிரிக்க வந்தவர், மண்வெட்டி அடிபட்டு அங்கேயே விழுந்து இறந்தார். மதினிக்குச் சித்தப்பா முறை. செய்தி வந்ததும் மதினி அவிழ்ந்த கூந்தலை முடியக்கூடச் செய்யாமல் வயல்வழியாகத் தன் ஊருக்கு ஓடினாள். அண்ணன் வாசலில் நின்று, “எங்கடி போற, நில்லு” என்று கத்தினான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. யார் அடித்தது என்று போலீஸ் கேட்டபோது எங்கள் ஊரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அண்ணன் அந்த இடத்தில் இருந்தானா என்று நானும் அவனைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டான்.

அடுத்து காலனி எரிந்தது. நல்ல உச்சிவெயில். காற்றுக்காலம். நாங்கள் அன்று வேலைக்குப் போகவில்லை, பஸ் ஓடவில்லை. கிழக்கேயிருந்து ஒரு கூட்டம் வந்தது, மேற்கேயிருந்தும் ஒரு கூட்டம் போனது. இரண்டும் கிணற்றைப் பிடிக்கப் போன கூட்டங்கள். நடுவிலிருந்த கூரைகளில் எந்தப் பக்கத்துத் தீ முதலில் விழுந்தது என்று இன்றுவரை தெரியாது. மழையைக் காணாத கூரை, பஞ்சுபோலப் பற்றிக்கொண்டது. நாங்கள் பெண்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது கூட்டங்கள் பின்வாங்கியிருந்தன. மாமா கிணற்றடியில் கிடந்தார். தலையில் கல்லடி. மூச்சு இருந்தது. கண்டியக்கா தன் முந்தானையைச் சுருட்டி அவர் தலைக்கு அணைகொடுத்திருந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எங்கள் ஊர் ஜீப்புக்காரரிடம் ஓடினேன். “அவனுக ஊரு வழியா நான் எப்படித் தாயி வண்டிய விடுறது? உசுரோட திரும்ப மாட்டேன்” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. கீழ்ப்பக்கத்து ஊருக்குக் காலனிப் பெண் ஒருத்தி மாட்டுவண்டி கேட்டுப் போனாள். மேற்கே மாட்டை ஓட்டமாட்டோம் என்று அவர்களும் சொல்லிவிட்டார்கள். கடைசியில் மாமா உட்காரும் அந்தக் கட்டிலிலேயே அவரைக் கிடத்தி, நாங்கள் பெண்கள் தூக்கினோம். ரோட்டை விட்டுவிட்டு, வெடித்துக் கிடந்த வயல்களுக்குள் இறங்கிச் சுற்றிப் போனோம். கால் வெடிப்புக்குள் இறங்கியது. கட்டில் ஆடும்போதெல்லாம் கண்டியக்கா, “மெள்ள, மெள்ள” என்றாள். இலவமரங்கள் நின்ற ஒரு மேட்டில் தோள் மாற்ற இறக்கினோம். அவள் குனிந்து அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். நெடுநேரம் அப்படியே வைத்திருந்தாள்.

“இனி வெரசாப் போக வேண்டியதில்ல” என்றாள்.

ஐப்பசியில் மழை கொட்டியது. ஓடை இரண்டு கரையும் புரள வந்தது. வாய்க்காலின் குறுக்கே கிடந்த மண்மூட்டைகளை அது பொருட்படுத்தவே இல்லை. எங்களுக்கும் அவர்களுக்கும் போக மிச்சமாக, யாருக்கும் வேண்டாமல், ஆற்றில் போய் விழுந்தது. மழை வந்தால் தீர்ந்துவிடும் என்று நினைத்திருந்தோம். மழை வந்தது. காலனி எரிந்ததும் போட்ட போலீஸ் முகாம் அப்படியே இருந்தது. பாதி ஆண்கள் கோர்ட்டுக்கு அலைந்தார்கள், மீதிப் பேர் ஊரைக் காவல் காத்தார்கள். ஈர வயலில் உழ ஆளில்லாமல் புல் முளைத்தது. மதினி திரும்பவில்லை. அண்ணன் கூப்பிடப் போகவுமில்லை. பிற்பாடு அவன் வேறு கல்யாணமும் செய்துகொள்ளவில்லை, மலைக்கும் போகவில்லை. டீக்கடைப் பெஞ்சில் இருந்தே கிழவனானான்.

கண்டியக்கா மலைமேல் ஒரு தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். தை மாதத்தில் அவளைப் பார்க்கப் போனேன். வரிசையாக இருந்த தொழிலாளர் வீடுகளில் கடைசி வீடு. மழைக்குப் பிறகு ஏலச்செடிகள் புதுத்தூர் விட்டிருந்தன. சீனியில்லாத காப்பி கொடுத்தாள். கீழே என்ன நடக்கிறது என்று அவள் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். அவள் அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே சொன்னாள்.

“அங்க எங்கள அடிச்சப்ப, வேற பாசைக்காரன், அதனால அடிக்கிறான்னு நெனச்சோம். நம்ம ஆளுங்ககிட்டப் போயிட்டா நிம்மதின்னு இவரு சொல்லித்தான் கப்பல் ஏறினோம். இங்க எங்க கூரையில தீ வச்சவன் தமிழ்லதான் புள்ள வஞ்சான். எனக்கு ஒரு வார்த்த விடாம வெளங்குச்சு.”

காப்பித் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, “இனி எந்த ஊருக்குப் போறதுன்னு தெரியல” என்றாள்.

கிளம்பும்போது, இனிமேல் தன்னைத் தேடி வரவேண்டாம் என்றும் சொன்னாள். என்மேல் வருத்தம் ஒன்றும் இல்லை, என்னைப் பார்த்தால் கட்டிலைத் தூக்கிய நினைவு வருகிறது, அவ்வளவுதான் என்றாள். அதற்குப் பிறகு அவள் கேரளப் பக்கம் எங்கோ போய்விட்டதாகக் கேள்வி.

நாட்டுச் சண்டைகளைப் பற்றிப் படித்தவர்கள் பேசும்போது மொழி, மதம், கட்சி என்று காரணம் அடுக்குவார்கள். எனக்கு அவ்வளவு படிப்பில்லை. மழை தவறினால் சண்டை வந்தே தீரும் என்றும் நான் சொல்லமாட்டேன். ஒன்றாகப் பட்டினி கிடந்து ஒன்றாகத் தேறிய ஊர்களும் உண்டு. ஆனால் மேலேயும் கீழேயும் ஒன்றாகக் காய்ந்த அந்த இரண்டு வருசத்தில், ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்டவர்கள் ஒருவர் குடத்தை ஒருவர் எண்ணத் தொடங்கியதை நான் கிட்டயிருந்து கண்டேன். பிரிப்பதற்கு மொழி கிடைக்காத இடத்தில் ஒரு வாய்க்காலின் மேல்பக்கம், கீழ்ப்பக்கம் போதுமானதாக இருந்தது. அவ்வளவு சின்ன வித்தியாசத்துக்கு இரண்டு உயிர் போனது. பெரிய வித்தியாசங்கள் உள்ள நாடுகளை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

இந்த வருசமும் சாரல் இல்லை. போன வாரம் போடிக்குப் போன பஸ்சில், கீழ்ப்பக்கத்து ஊர் நிறுத்தத்தில் மதினி ஏறினாள். தலை முழுக்க நரை. என் பக்கத்தில்தான் இடம் இருந்தது. ஒரு கணம் தயங்கிவிட்டு உட்கார்ந்தாள். அண்ணன் காலமானது அவளுக்குத் தெரிந்திருக்கும். அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

“ஒங்க பக்கம் தண்ணி கெடைக்குதா தாயி?” என்று கேட்டாள்.

எங்கள் தெருக் குழாயில் அன்று காலையில்தான் நாலு குடம் பிடித்து வைத்திருந்தேன். “எங்க வருது மதினி, சொட்டு இல்ல” என்றேன். “ஒங்க ஊர்ல?”

“எங்களுக்கு மட்டும் எங்கிருந்து வரும்?” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தலைக்குக் குளித்துவிட்டு வந்திருந்தாள். கூந்தல் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டி, அவள் ரவிக்கையின் முதுகு நனைந்திருந்தது.