ஞாயிறு ஐந்து மணிப் பயிற்சி

மோட் என்ற சிற்றூருக்கு வெளியே உள்ள முதியோர் இல்லத்தில் ஈமரும் நானும் பதினொரு வருடமாக ஒரே மாடியில் வேலை பார்க்கிறோம். காலையில் பதினான்கு பேரை எழுப்பி, குளிப்பாட்டி, உடுத்திவிட்டு, நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். அது முடிந்து வீட்டுக்குப் போனால் அங்கே சமையல், துணி, பிள்ளைகள். அவள் கணவன் டோனல் லாரி ஓட்டுகிறவன். சரக்கேற்றிக்கொண்டு கப்பலில் ஐரோப்பாவுக்குப் போனால் திரும்பி வர இரண்டு வாரம் ஆகும். ஆக, வீட்டைத் தனியாகத்தான் இழுத்துக்கொண்டிருந்தாள்.

போன ஜூலையில் அவளுக்கு மேற்கே ஒரு பயணம் போகவேண்டும் என்று தோன்றியது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் தானும் ஒரே மேசையில் உட்கார்ந்து கடைசியாக எப்போது சாப்பிட்டோம் என்று யோசித்துப் பார்த்தாளாம். ஞாபகம் வரவில்லை. ஓரனுக்குப் பதினாறு வயது. இன்னும் இரண்டு கோடை போனால் அவன் வீட்டில் இருக்க மாட்டான்.

நாலு நாள் திட்டம் போட்டாள். முதலில் கானமாரா, அங்கிருந்து அக்கில் தீவு, திரும்பும்போது ஸ்லைகோ. சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்து வைத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டாள்.

"நாலு நாளா?" என்றாள் பதினாலு வயது கீவா, போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "கார்லயா? இவன் கால் நாத்தத்தோடயா?"

"உன் பாட்டக் கேக்குறதுக்கு நாத்தம் எவ்வளவோ தேவலாம்" என்றான் ஓரன்.

"அங்க என்னம்மா இருக்கு?" என்றாள் கீவா.

"கடல் இருக்கு. மலை இருக்கு."

"ஆடு இருக்குன்னு சொல்லு. ஆடு நம்ம வீட்டுப் பின்னாலயே இருக்கு."

ஓரன் வரைபடத்தைப் பார்க்கவே இல்லை. "என்னால வர முடியாதும்மா. செவ்வா, வெள்ளி, ஞாயிறு பயிற்சி. ஒரு தடவை போகலேன்னாலும் பேர எடுத்துருவாங்க" என்றான்.

அந்த வசந்தத்தில்தான் அவனை மட்டையால் பந்தடித்து ஆடும் ஹர்லிங் ஆட்டத்துக்கான மாவட்டத்துப் பதினாறு வயதுக் குழுவில் சேர்த்திருந்தார்கள். எங்கள் ஊரிலிருந்து அந்த வருடம் போனவன் அவன் ஒருவன்தான். கசாப்புக் கடையில் அவளுக்கு வாராவாரம் இரண்டு சாசேஜ் கூடுதலாக விழுந்தது. பாதிரியார்கூட அவளை நிறுத்தி விசாரித்தார்.

திட்டத்தைக் குறுக்கினாள். முதலில் கானமாரா போயிற்று, அடுத்து ஸ்லைகோ. கடைசியில் மிஞ்சியது, சனிக்கிழமை காலை கிளம்பி அக்கிலில் ஒரு ராத்திரி தங்கி, ஞாயிறு ஐந்து மணிப் பயிற்சிக்கு ஊர் திரும்புவது. இதற்கே அவள் ஷிஃப்ட் அட்டவணையை மூன்று தடவை மாற்ற வேண்டியிருந்தது. சனிக்கிழமையை என் தலையில் கட்டினாள். எனக்கும் அன்றைக்கு டல்லமூரில் அண்ணன் வீட்டுக்குப் போகிற வேலை இருந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றேன்.

டோனலுக்குப் போன் போட்டுச் சொன்னாளாம். அவன் ராட்டர்டாமில் துறைமுக வாசலில் வரிசையில் நின்றிருந்தான். "கார்ல ஏறி உக்காந்தா அதுக்குப் பேரு லீவா? நல்ல வேளை, நான் அங்க இல்ல" என்றானாம்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை, கடைத்தெருவில் ஃபினோலாவைப் பார்த்தாள். ஃபினோலா பக்கத்து ஊர்க்காரி. அவள் மகனும் அதே குழுவில் ஆடுகிறான்.

"ஓரன் எப்படி இருக்கான் ஈமர்? மனசு கொஞ்சம் தேறிடுச்சா?"

"எதுக்கு?"

ஃபினோலாவின் முகம் மாறிப்போயிற்று. "ஐயோ, நான் ஏன் வாயத் திறந்தேன்! உனக்குத் தெரியும்னு நெனச்சேன். நாப்பது பேர முப்பதாக் குறைச்சாங்களே, அதுல இவன் பேரும் போச்சே. மூணு வாரம் ஆச்சு."

மறுநாள் காலை, துணி அறையில் படுக்கை விரிப்பு மடிக்கும்போது என்னிடம் சொன்னாள். அழவில்லை. விரிப்பின் இரண்டு முனையையும் சேர்ப்பதிலேயே கவனமாக இருந்தாள்.

"மூணு வாரமா பையத் தூக்கிக்கிட்டு, மட்டைய எடுத்துக்கிட்டு, சைக்கிள்ல போறான். வேர்த்து ஊத்தி வர்றான். நானும் ஜெர்சியத் துவைச்சுப் போடுறேன்."

"கேட்டுடு" என்றேன்.

"கேட்டா இன்னொரு பொய் சொல்வான். அதையும் நான்தானே சுமக்கணும்? என்னால முடியாதுடி."

"அப்ப என் சனிக்கிழமை? பயணம் உண்டா இல்லையா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரொம்ப நேரம் சிரித்தாள். எனக்குத்தான் ஒரு மாதிரியாக இருந்தது.

அன்று மாலை ஓரன் வழக்கம்போலக் கிளம்பினான். பத்து நிமிடம் கழித்து இவள் காரை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். ஊர் எல்லையில், மூன்று பக்கமும் உயரமான சுவர் வைத்த பழைய பந்தாட்டக் கூடம் ஒன்று உண்டு. இப்போது யாரும் அங்கே ஆடுவதில்லை. தரையெல்லாம் புல் முளைத்துக் கிடக்கிறது. சைக்கிள் வெளியே சாய்ந்திருந்தது. வேலி மறைவில் காரை நிறுத்திப் பார்த்தாள். அவன் தனியாகச் சுவரில் பந்தை அடித்து, திரும்பி வருவதைப் பிடித்து, மறுபடி அடித்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கூடத்தின் குறுக்கே ஓடினான். குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டான். யாரோ விசில் ஊதியது மாதிரி நிமிர்ந்து மறுபடி ஓடினான். இப்படி ஒரு மணி நேரத்துக்குமேல் போயிற்று. அவன் முடிப்பதற்கு முன்பே அவள் சத்தமில்லாமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

அவன் வந்ததும் உருளைக்கிழங்கையும் பன்றி இறைச்சியையும் சூடாக்கி வைத்தாள்.

"பயிற்சி எப்படிப் போச்சு?"

"ஓடவிட்டே சாகடிச்சுட்டாங்கம்மா" என்றான். ஒருவகையில் அதில் பொய்யும் இல்லை.

அதற்கப்புறம்தான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. ஞாயிறு மாலைக்குள் ஊர் திரும்பத் தேவையே இல்லை. நினைத்தபடி இன்னும் இரண்டு நாள் இருந்துவிட்டு வரலாம். ஆனால் அதை வாய்விட்டுச் சொன்னால் அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று ஆகிவிடும். ஆகவே, இல்லாத ஒரு பயிற்சிக்காகக் குறுக்கிய பயணத்தை அப்படியே வைத்துக்கொண்டு, சனிக்கிழமை காலை ரொட்டியில் வெண்ணெய் தடவத் தொடங்கினாள்.

போகிற வழியெல்லாம் மழை. லாங்ஃபர்டு தாண்டி அரை மணி நேரம் வைக்கோல் டிராக்டர் ஒன்றின் பின்னால் ஊர்ந்தார்கள். கீவா தனக்கு வாந்தி வருவதாகச் சொன்னாள், பிறகு வரவில்லை என்றாள். ஓரன் முன்சீட்டில் தொப்பியை முகத்தின்மேல் கவிழ்த்துக்கொண்டு தூங்கினான், அல்லது தூங்குவதுபோல் இருந்தான். அக்கிலில் அவர்கள் தங்கிய வீட்டில் ஒரே அறை, மூன்று கட்டில். ஜன்னலைத் திறந்தால் கடல் இருக்கவேண்டிய இடத்தில் மூட்டம்தான் இருந்தது.

"நல்லாருக்கும்மா. சுவரு மாதிரியே இருக்கு" என்றாள் கீவா.

ஞாயிறு காலை வானம் வெளுத்தது. கீல் கடற்கரையில் நடந்தார்கள். கீவா முழங்கால் வரை தண்ணீரில் இறங்கிக் கத்தினாள். பிறகு கடற்கரைச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து ஹாம் வைத்த ரொட்டி தின்றார்கள். ஈமர் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றினாள். மணி பன்னிரண்டரை.

"கிளம்பணும். மூணு மணி நேரம் ஆகும். உனக்கு அஞ்சு மணிக்குப் பயிற்சி" என்றாள். வேண்டுமென்றே சொல்லவில்லை என்று என்னிடம் சத்தியம் செய்தாள். சொல்லிப் பழகிவிட்டதாம்.

ஓரன் எழுந்திருக்கவில்லை. ரொட்டியின் ஓரத்தைக் கிள்ளிக்கொண்டே இருந்தான். "போக வேணாம்மா" என்றான்.

"ஏன்?"

"என் பேர எடுத்துட்டாங்க."

"தெரியும்" என்றாள் ஈமர்.

"எப்பலேருந்து?"

"வியாழக்கிழமைலேருந்து."

"எனக்கு முதல் நாளே தெரியும்" என்றாள் கீவா. "எங்க கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியும்டா."

அவன் தலை நிமிரவில்லை. அதுவரை வராத கோபம் அப்போதுதான் ஈமருக்கு வந்தது. "மூணு வாரம்டா! மூணு வாரம் உன் ஜெர்சியத் துவைச்சேன். அட்டவணைய மூணு தடவ மாத்தினேன். எங்கூட வேலை பாக்குறவ, அண்ணன் வீட்டுக்குப் போகாம நேத்து என் வேலையப் பாத்தா. எதுக்கு? ஒரு காலி சுவத்துக்கு! ஏன்டா சொல்லல?"

சுவர் என்றதும் அவன் அவளைப் பார்த்தான். அவள் வந்து பார்த்திருக்கிறாள் என்று புரிந்திருக்கும்.

"சொன்னா நீ திட்ட மாட்டியேம்மா" என்றான் மெதுவாக. "திட்டினாக்கூடப் பரவால்ல. ஒண்ணும் சொல்லாம அந்தச் சமையலறை நாற்காலில உக்காந்துருவ. கோட்டக்கூடக் கழட்டாம. அதப் பாக்க முடியாதும்மா."

தான் அந்த நாற்காலியில் அப்படி உட்காருவதை அவன் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான் என்பதே ஈமருக்குத் தெரியாது. ஆறிப்போன தேநீரைக் குடித்தாள்.

கீவா போனை எடுத்துப் பார்த்தாள். "அப்ப இன்னிக்கு வீட்டுக்குப் போக வேணாந்தானே? இங்க நெட் நல்லா வருதும்மா."

எனக்குப் போன் வந்தது அப்போதுதான். திங்கட்கிழமையையும் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். பின்னால் காற்றும் கடல்பறவைகளும் கத்திக்கொண்டிருந்தன. எனக்கு முதுகு விட்டுப்போயிருந்தது. வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுச் சரி என்றேன்.

ஓரனை அந்தக் குழுவில் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஊர் அணிக்கு ஆடுகிறான். அடுத்த முறை டோனல் போன் செய்தபோது விஷயத்தை ஓரனே அப்பாவிடம் சொல்லிவிட்டானாம்.

செவ்வாய்க்கிழமை ஈமர் வேலைக்கு வந்தாள். காலைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டே, "திங்கக்கெழமை எங்கெல்லாம் போனீங்க?" என்று கேட்டேன்.

"எங்கயும் போகல. நல்ல மழை. பதினோரு மணி வரைக்கும் தூங்கினேன். முழிச்சுப் பாத்தா ரெண்டும் ஜன்னல் பக்கத்துல உக்காந்து சீட்டு ஆடிக்கிட்டிருக்கு. கீவா ஏமாத்துறா, அவன் சண்ட போடுறான். நான் முழிச்சத ரெண்டும் பாக்கல."

"எழுந்து போய் நீயும் ஆடினியா?"

"இல்ல. சுவரப் பாத்துத் திரும்பிப் படுத்துட்டேன். இன்னும் ரெண்டு மணி நேரம்."

ஒன்பதாம் அறையின் அழைப்பு மணி அடித்தது. நான் போகிறேன் என்பதற்குள் அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு நடந்தாள்.